அம்மாவின் வாய்ஸ்மெயிலை ஆடியோ ஃபைலாக எடுத்து வைப்பது எப்படி?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தங்கை கேட்டது: "அண்ணா, அம்மா போன மாசம் தவறிட்டாங்க. என் கைப்பேசி வாய்ஸ்மெயில்ல அவங்க பேசின ரெண்டு மெசேஜ் இருக்கு. டயல் பண்ணினா கேட்க முடியுது, ஃபைலா எடுக்கத்தான் வழி தெரியல. அடுத்த வாரம் வீட்ல எல்லாரும் வேற கம்பெனி ஃபேமிலி பிளானுக்கு மாறப் போறோம், நம்பர் அதேதான். மாறினா மெசேஜ் போயிடுமா? லோயாட் கைப்பேசிக் கடைங்கள்ல கொடுத்தா எடுத்துத் தருவாங்களா?"

போய்விடும், தங்கச்சி. அதனால் நம்பர் மாற்றும் ஃபார்மில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் உங்கள் நம்பரை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். வீட்டில் மற்றவர்கள் மாறட்டும், நீங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

காரணம் இதுதான். சாதாரண வாய்ஸ்மெயில் உங்கள் கைப்பேசிக்குள் இல்லவே இல்லை. அம்மா பேசியது கம்பெனியின் கணினியில், உங்கள் நம்பருக்கென்று ஒதுக்கிய பெட்டியில் கிடக்கிறது. நீங்கள் டயல் செய்யும்போது அவர்கள் அதை அங்கிருந்து ஓடவிட்டுக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். மலேசியாவில் 2008 முதல் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாறுவது நம்பர் மட்டும்தான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும்போது பழைய வீட்டுத் தபால் பெட்டிக்குள் கிடந்த கடிதம் கூடவே வராது இல்லையா, அதே கதை. லைனை மூடினாலும், பிரிபெய்டு நம்பர் டாப் அப் இல்லாமல் காலாவதியானாலும் இதே முடிவுதான். இதெல்லாம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு கெடு உண்டு. அது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், கேட்ட மெசேஜுக்கும் கேட்காத மெசேஜுக்குமே வேறுபடும். நீங்கள் ஒவ்வொரு முறையும் 'சேவ்' கொடுத்து வந்ததால்தான் அது இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

லோயாட் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கைப்பேசியைக் கழற்றித் தேடினாலும் இல்லாத ஃபைலை எந்தக் கடைக்காரராலும் எடுக்க முடியாது. அவர்கள் செய்யப்போவதும் டயல் செய்து பதிவெடுப்பதுதான். அதை நீங்களே வீட்டில் செய்யலாம். உங்கள் அம்மா உங்களிடம் பேசியதைக் கடைக் கவுன்டரில் நாலு பேர் நடுவில் ஸ்பீக்கரில் போட வேண்டியதில்லை.

இன்றைக்கு ராத்திரியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். சுமாராக வந்தாலும் பரவாயில்லை. நல்ல பிரதிக்குக் கேபிள் வாங்கலாம், கணினியைத் தயார் செய்யலாம், அதெல்லாம் வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம். நல்லதாக எடுக்க வேண்டும் என்று காத்திருக்கும்போதுதான் கெடு முடிந்து மெசேஜ் அழிகிறது. ஒலிப்பதிவுதான் எனக்குப் பிழைப்பு, இப்படித் தாமதமாக வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கைப்பேசியைக் கடன் வாங்குங்கள். அதில் ரெக்கார்டர் ஆப் பெரும்பாலும் இருக்கும், ஐபோனில் அதன் பெயர் வாய்ஸ் மெமோஸ். அதை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், நடுவில் யாராவது அழைத்தால் பதிவு நின்றுவிடும். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் அடைத்துவிடுங்கள். நம் காது மின்விசிறியைக் கணக்கில் எடுக்காது, மைக் எடுத்துக்கொள்ளும். மழை வருகிற நேரமும் வேண்டாம். ஃபிளாட்டில் அமைதியான அறையே இல்லையென்றால் கார் பார்க்கில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காருக்குள் உட்காருங்கள். சீட்டும் கம்பளமும் எதிரொலியை உறிஞ்சிவிடும், நான் அவசரத்துக்கு அப்படிப் பலமுறை செய்திருக்கிறேன். இரண்டு கைப்பேசிகளையும் மேசையில் நேராக வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். உங்கள் கைப்பேசியின் ஸ்பீக்கர் துவாரமும் பதிவெடுக்கும் கைப்பேசியின் மைக் துவாரமும் ஒன்றையொன்று பார்க்கட்டும், இடையே ஒரு சாண் போதும். ஸ்பீக்கர் ஒலியை முழுசாக வைத்தால் குரல் கரகரக்கும், முக்கால் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டரை முதலில் ஓட விடுங்கள், பிறகு வாய்ஸ்மெயிலை டயல் செய்யுங்கள். இணைந்ததும் உங்கள் பக்கத்து மைக்கை மியூட் செய்துவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகள் மெசேஜுக்கு முன்னாலோ பின்னாலோ தேதியும் நேரமும் சொல்லும், அதையும் சேர்த்துப் பதிவெடுங்கள். நாளைக்கு, இது எந்தத் தீபாவளிக்குப் பேசியது என்று யோசிக்க வேண்டி வராது. மெசேஜ் ஓடும்போது எந்த எண்ணையும் தொடாதீர்கள். அழிக்கும் எண்ணும் சேமிக்கும் எண்ணும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. முடிந்ததும் மெனு சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு 'சேவ்' எதுவோ அதை மட்டும் அழுத்துங்கள். கண் கலங்கியிருக்கும் நேரத்தில் கை தவறும், பக்கத்தில் தம்பியோ அண்ணனோ இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் விடுங்கள். இரண்டு முறை பதிவெடுத்து, ஒன்றையாவது கடைசி வரை கேட்டுப் பாருங்கள்.

பலர் முதலில் முயல்வது, அதே கைப்பேசியில் ரெக்கார்டரைத் திறந்துகொண்டு டயல் செய்வது, இல்லையென்றால் ஸ்கிரீன் ரெக்கார்டிங். இரண்டும் உதவாது. அழைப்பு நடக்கும்போது ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் பதிவெடுக்காது, ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் படம் வரும், அழைப்பின் ஒலி வராது. பிளே ஸ்டோரில் தேடிக் கிடைக்கிற அழைப்புப் பதிவு ஆப்களிலும் நேரத்தை விடாதீர்கள். அவை பயன்படுத்திவந்த வழியை 2022 மே மாதத்தில் கூகள் மூடிவிட்டது. இப்போது இருப்பதில் பெரும்பாலும் உங்கள் குரல் மட்டும் பதியும், மறுமுனைக் குரல் பதியாது. இங்கே நமக்கு வேண்டியதே மறுமுனைதான்.

கைப்பேசியே தருகிற பதிவு வசதி வேறு விஷயம். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அழைப்புத் திரையிலேயே ரெக்கார்ட் பொத்தான் இருக்கும். இருந்தால் நல்ல காலம், அழுத்திவிட்டு வாய்ஸ்மெயிலைக் கேளுங்கள், வேலை முடிந்தது. ஐபோன் என்றால் 2024 அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 18.1 முதல் அழைப்பைப் பதிவு செய்யலாம், எக்ஸ்எஸ் மாடலும் அதற்குப் பிந்தியவையும் போதும். அழைப்புத் திரையிலேயே அந்தக் குறி இருக்கும், ஐஓஎஸ் பதிப்பைப் பொறுத்து அதன் இடம் மாறும். தொட்டதும் 'இந்த அழைப்பு பதிவாகிறது' என்று ஓர் அறிவிப்பு ஓடும். மறுமுனையில் இயந்திரம்தானே, அது கோபித்துக்கொள்ளாது. அந்த அறிவிப்பு முடிந்த பிறகு மெசேஜை ஓட விடுங்கள். பதிவு நோட்ஸ் ஆப்பில் போய் விழும். அங்கிருந்து ஆடியோவை மட்டும் ஃபைல்ஸில் சேமிக்கிற வழி மெனுவில் இருக்கிறது. அறைச் சத்தம் எதுவும் கலக்காது, இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஐபோனில் இன்னொன்றையும் பாருங்கள். போன் ஆப்பில் வாய்ஸ்மெயில் பகுதியைத் திறந்ததும் மெசேஜ்கள் பட்டியலாகத் தெரிந்தால், அது விஷுவல் வாய்ஸ்மெயில். 2007இல் முதல் ஐபோனோடு அறிமுகமானது, கம்பெனியும் சேர்ந்து ஆதரிக்க வேண்டும். பட்டியல் இருந்தால் மெசேஜைத் தொட்டு, ஷேர் குறியை அழுத்தி, ஃபைல்ஸில் சேமியுங்கள், அசல் ஃபைலே கையில் வந்துவிடும். நீங்கள் "டயல் பண்ணினா" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு அது இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களிடம் அம்மா விட்ட மெசேஜ் ஏதாவது இருந்தால் அவர்களுக்கு இது பயன்படலாம், கேட்டுப் பாருங்கள்.

இது எதுவும் வாய்க்கவில்லையென்றால் கேபிள். கைப்பேசியின் ஹெட்போன் துவாரத்திலிருந்து கணினிக்கு ஒலியை நேராகக் கொண்டுபோவது. ஹெட்போன் துவாரம் இல்லாத கைப்பேசிக்கு அதன் சார்ஜர் துவாரத்துக்கேற்ற ஹெட்போன் அடாப்டர் வேண்டும். கணினியில் ஒடாசிட்டி (Audacity) என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. இப்போதைய லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துவாரம்தான். மைக் வேலை செய்ய அதற்கு, நுனியையும் சேர்த்து நான்கு உலோகப் பட்டை உள்ள பிளக் வேண்டும். சாதாரண ஆக்ஸ் கேபிளில் மூன்று பட்டைதான், அதைச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொள்ளும், பதிவில் ஒன்றும் விழாது. ஹெட்போனையும் மைக்கையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று, இல்லாவிட்டால் மைக் துவாரம் தனியாக உள்ள சின்ன யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர். லோயாட்டுக்கு இதற்காக வேண்டுமானால் போங்கள், இரண்டும் மலிவான சாமான்தான். பிளக்கைக் கையில் எடுத்து, இடையே உள்ள கறுப்பு வளையங்களை விட்டுவிட்டு உலோகப் பட்டைகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

செருகியதும் கைப்பேசி ஒலியைக் கால் பங்குக்குக் குறையுங்கள், ஏனென்றால் மைக் துவாரம் மெல்லிய ஒலியை எதிர்பார்க்கும். விண்டோஸில் மைக் பூஸ்ட் இருந்தால் அடைத்துவிடுங்கள். ஒடாசிட்டியில் மோனோ தேர்ந்தெடுத்து, 44,100 என்ற அளவை அப்படியே விட்டு, ஒருமுறை ஒத்திகை பாருங்கள். அலையின் உச்சி கோட்டைத் தொட்டுத் தட்டையாகிவிட்டால் ஒலி அதிகம், மறுபடி எடுங்கள். உச்சி மைனஸ் 6 டெசிபல் பக்கம் நின்றால் சரி. முடிந்ததும் வேவ் (WAV) ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம் வரும், இரண்டு மெசேஜுக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆனால் எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் வராது. பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரலைக் கடத்தும். அதற்கு மேலே உள்ள ஸ, ஷ ஒலிகளின் கூர்மையும் அதற்குக் கீழே உள்ள நெஞ்சுக் குரலும் பதியும்போதே வெட்டுப்பட்டுவிட்டன. இல்லாததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. செயற்கை அறிவு வைத்துத் 'தெளிவாக்கி'த் தருகிறோம் என்கிறார்களே, அது விடுபட்டதை ஊகித்து நிரப்புவது. கேட்க அழகாக இருக்கலாம், அது அம்மாவின் குரலா என்பது வேறு கேள்வி. என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்பேன். இரைச்சல் ரொம்பத் தொந்தரவாக இருந்தால் ஒடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்ஷன் போதும். பேச்சு இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்து இதுதான் இரைச்சல் என்று காட்டிவிட்டு, மொத்தத்துக்கும் லேசாகப் போடுங்கள். அதிகமானால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். எதைச் செய்தாலும் பிரதியில் செய்யுங்கள். அசலில் கை வைக்க வேண்டாம். அம்மா பின்னணியில் குக்கர் விசில் கேட்கிறது என்று ஒருவர் என்னிடம் நீக்கச் சொன்னார். நீக்கிக் கொடுத்தேன், இரண்டு நாளில் விசிலோடு இருந்ததையே கேட்டு வந்து வாங்கிப் போனார்.

இப்போது நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். வாய்ஸ்மெயிலில் இரண்டு மெசேஜ் என்கிறீர்கள். நம்மூரில் யார் வாய்ஸ்மெயிலில் பேசுகிறார்கள்? அந்தப் பெண் குரல் வந்ததுமே வைத்துவிடுவோம். அம்மா பேசியதெல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும். "சாப்டியா", "வரும்போது பிரிக்பீல்ட்ஸ்ல பூ வாங்கிட்டு வா" என்று அரை நிமிடம், ஒரு நிமிடம். ஒலித் தரமும் வாய்ஸ்மெயிலைவிட நன்றாக இருக்கும். அவை உங்கள் கைப்பேசிக்குள்ளேயே ஃபைல்களாக இருக்கின்றன, கம்பெனி மாறினாலும் அழியாது. கைப்பேசி தொலைந்தால் மட்டும் போச்சு.

ஆண்ட்ராய்டில் ஃபைல் மேனேஜரைத் திறந்து ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாய்ஸ் நோட்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் ஆண்டும் வாரமும் எண்ணாகப் போட்ட ஃபோல்டர்கள் இருக்கும். உள்ளே ஒவ்வொரு ஃபைலின் பெயரும் பிடிடி (PTT) என்று தொடங்கி, தேதி, அன்றைய வரிசை எண் என்று முடியும். யார் அனுப்பியது என்று மட்டும் இருக்காது. அம்மா, மாமி, ஆபீஸ் மேனேஜர், தாமான் பாதுகாப்புக் குழு எல்லாம் ஒரே குவியல். நீங்கள் அனுப்பியதும் அதிலேயேதான். முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள், ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டி வரும்.

அதனால் எக்ஸ்போர்ட் சேட் வழியைப் பிடியுங்கள். அம்மாவின் உரையாடலைத் திறந்து மெனுவில் எக்ஸ்போர்ட் சேட், அதில் மீடியாவோடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். குரல்களோடு ஒரு எழுத்துக் கோப்பும் வரும். அதில் எந்த நாள், எத்தனை மணி, யார், எந்த ஃபைல் என்று வரி வரியாக இருக்கும். குவியலில் எது அம்மாவுடையது என்பதை இந்தப் பட்டியல் சொல்லிவிடும். உரையாடல் ரொம்ப நீளமென்றால் பழைய பகுதி விடுபடலாம், ஆகவே ஃபோல்டரையும் தனியாக நகலெடுத்து வையுங்கள். ஐபோனில் அந்த ஃபோல்டர் கண்ணில் படாது, எக்ஸ்போர்ட்தான் வழி. நாலைந்து மெசேஜ் மட்டும் போதுமென்றால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து, ஃபார்வர்ட், பிறகு ஷேர் குறி, ஃபைல்ஸ்.

"கூகள் டிரைவில் பேக்கப் ஓடுதே" என்பீர்கள். அது வாட்ஸ்அப் திரும்பப் படிப்பதற்கான மூட்டை. நீங்கள் திறந்து ஒரு ஃபைலை எடுக்க முடியாது. நட்சத்திரக் குறி போட்டு வைப்பதும் சேமிப்பு இல்லை. அந்த உரையாடலில் மெசேஜ்கள் தானாக மறையும் அமைப்பு இருக்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள், 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று உண்டு. இருந்தால் அடைத்துவிடுங்கள். இனி வருபவைக்குத்தான் அது பொருந்தும், ஏற்கெனவே கெடு விழுந்த மெசேஜ்களை உடனே எடுத்துவிட வேண்டும்.

இந்த ஃபைல்கள் ஓபஸ் வகை. சில கார் ஸ்டீரியோவிலும் பழைய கணினியிலும் ஓடாது, விஎல்சி பிளேயரில் ஓடும். அண்ணன் தங்கைகளுக்குக் கொடுக்க விஎல்சியிலேயே எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம். ஓபஸ்ஸை மட்டும் தூக்கி எறியாதீர்கள், அதுதான் அசல். எம்பி3 ஆகும்போது ஒலியில் இன்னும் கொஞ்சம் குறையும்.

பெயரை மாற்றி வையுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண், பிறகு அம்மா, பிறகு இரண்டு வார்த்தை. '2023-11-12 அம்மா முறுக்கு' என்று இருந்தால் தேட வேண்டியதே இல்லை, தேதி வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் இருக்கும் உடன்பிறப்பிடம் ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பிரதி என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

அம்மாவின் கைப்பேசியை என்ன செய்தீர்கள்? 16ஆம் நாள் காரியம் முடிந்ததும் முதலில் ரத்து செய்வது அவர்கள் லைனைத்தான். கொஞ்சம் பொறுங்கள். தன் வாய்ஸ்மெயிலுக்கு அம்மா சொந்தக் குரலில் வரவேற்பு பதிந்திருந்தால் அது அவர்கள் நம்பரின் பெட்டியில் இருக்கிறது, லைன் மூடினால் அதோடு போய்விடும். அவர்கள் கைப்பேசியில் *#62# டயல் செய்தால், அணைத்திருக்கும்போது அழைப்பு எங்கே திருப்பப்படுகிறது என்று காட்டும். வாய்ஸ்மெயிலுக்குத்தான் என்றால், அந்தக் கைப்பேசியை அணைத்துவிட்டு உங்களுடையதிலிருந்து அழையுங்கள், மேலே சொன்னபடியே பதிவெடுங்கள். கம்பெனியின் பொதுக் குரல் வந்தால் சரி, ஒன்றும் நஷ்டமில்லை. அம்மா சித்தி, அத்தைகளுக்கு அனுப்பிய குரல்களும் அந்தக் கைப்பேசியில் இருக்கும். அவற்றையும் இப்போதே எடுங்கள், 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கை அவர்கள் நீக்கிவிடுவார்கள். பிரிபெய்டு என்றால் அதுவரை டாப் அப் போட்டு உயிரோடு வையுங்கள்.

உங்களுக்கு வேண்டாத ஒன்று, வேறு யாருக்காவது உதவலாம் என்று சொல்லி வைக்கிறேன். மிரட்டல், கடன் தகராறு, வேலை இடத்துப் பிரச்சினை என்று மெசேஜை வழக்குக்காக வைப்பவர்கள் வெட்டவும் கூடாது, சுத்தம் செய்யவும் கூடாது. வந்த கைப்பேசியையும் விற்காதீர்கள். கணினி வழி வந்த ஆவணங்களை நீதிமன்றம் ஏற்பதற்கு 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவில் விதிமுறை இருக்கிறது, வக்கீலிடம் அதைக் கேளுங்கள்.

வேலையெல்லாம் முடிந்ததும், நம்பர் மாறுவதற்கு முன், ஃபைல்களை உங்களுடையது அல்லாத ஒரு கைப்பேசியில் போட்டு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருமுறை கேளுங்கள். அங்கே ஓடினால் ஃபார்மில் கையெழுத்துப் போடலாம். புதிய கம்பெனியிலும் வாய்ஸ்மெயில் கொடுப்பார்கள். அந்தப் பெட்டியின் ரகசிய எண் (PIN) 0000, 1234 என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அதை ஊகித்து உள்ளே நுழைந்து, வாட்ஸ்அப் சரிபார்ப்புக் குறியீட்டை அங்கே வர வைத்துக் கேட்டுக் கணக்கைப் பிடுங்குகிற கும்பல்கள் இருக்கின்றன.